காக்கும் கை: சென்னையில் கைவடிவ ரட்சைகளின் சம்பிரதாயங்கள்

தியாகராய நகரின் பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும், முலாம் பூசிய சிறு நகைகளை அட்டையிற் குத்தி மாட்டி விற்கும் கடைகளில், உள்ளங்கையின் நடுவே நீலக் கண் ஒன்று பதித்த சிறிய கை ஒன்று சங்கிலியில் தொங்குவதைச் சில ஆண்டுகளாகக் காண்கிறோம். ஹம்சா என்று அதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். கண் திருஷ்டி அண்டாது என்று சொல்லி விற்கிறார்கள். கல்லூரிப் பெண்கள் ஆசையோடு வாங்கி அணிகிறார்கள். அதைக் கண்ட வீட்டுப் பெரியவர்களோ, "கையைப் போய்க் கழுத்தில் மாட்டிக்கொள்வார்களா, இதெல்லாம் நம் வழக்கமா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யாமல் ஆராய்ந்து பார்த்தால், அவர்கள் சொல்வதில் ஒரு பாதி சரியென்பதும் மறு பாதி சரியன்று என்பதும் விளங்கும். கழுத்தில் கையை அணிவது நம் வழக்கமன்று என்பது மெய்யே. ஆனால் கை வடிவத்தைக் காப்பாகக் கொள்வது இந்த நகரத்துக்குப் புதிதன்று. கழுத்தில் அணியவில்லையே ஒழிய, கம்பத்தின் தலையில் ஏந்தியிருக்கிறோம். தெய்வத்தின் கரத்தின்மேற் சாத்தியிருக்கிறோம். தட்டில் வைத்து நேர்த்திக் கடன் செலுத்தியிருக்கிறோம். கல்லில் நிறுத்தி வணங்கியிருக்கிறோம். இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சம்பிரதாயம். ஒவ்வொன்றுக்கும் லட்சணங்களும் நியதிகளும் வேறு.

முதலில் கழுத்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தையின் கழுத்தில் ரட்சை கட்டுவது பழந்தமிழ் நூல்களிலேயே பேசப்படும் பழக்கம். அதற்கு நம் முன்னோர் தேர்ந்தெடுத்த வடிவம் கை அன்று, கை ஏந்தும் ஆயுதம். திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் ஐந்தையும் சிறு பொன்னுருக்களாகச் செய்து கோத்த ஐம்படைத் தாலியும், வேட்டையின் வெற்றியைக் காட்டும் புலிப்பல் தாலியும் அத்தகையவை. பின்னர் வந்த தாயத்தும் மந்திரத் தகட்டை உள்ளே அடக்கிய உலோகக் குழலே அன்றி உறுப்பின் உருவமன்று. படைக்கலம், விலங்கின் பல், எழுத்து என்ற இம்மூன்றையும் கழுத்தில் ஏற்ற தமிழ் மனம், மனித உறுப்பை ஏற்கத் தயங்கியது என்றே சொல்ல வேண்டும். இதற்கு விலக்கு என்று ஒன்றை மட்டும் சுட்டலாம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பெண்கள் திருமணத்தன்றும் கணவரின் அறுபதாம் கல்யாணத்தன்றும் அணியும் கழுத்திருவில், கூரிய விரல்கள் போலக் கீழ்நோக்கி நீண்ட பொன்னுருக்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கையின் வடிவமென்று கண்டவர்களும் உண்டு, புலிநகத்தின் வழிவந்தவை என்று கண்டவர்களும் உண்டு. என் கண்ணுக்கு நகமாகவே தோன்றுகிறது. கையாயிருந்தால் கட்டைவிரல் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

கையே நேராகக் கழுத்துக்கும் வாசலுக்கும் வந்தது மத்தியதரைக் கடலின் கரைகளில்தான். பண்டைக் கார்த்தேஜ் நகரத்தார் தானித் என்னும் தேவிக்கும் பாஅல் ஹம்மோனுக்கும் நேர்ந்து நட்ட கற்களில், நிமிர்த்திய வலக்கை செதுக்கப்பட்டிருக்கிறது. மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகிய நாடுகளில் வெள்ளியாற் செய்த கையை முஸ்லிம்கள் நபிகளின் திருமகளார் பாத்திமாவின் கை என்றும், யூதர்கள் மோசேயின் தமக்கை மிரியாமின் கை என்றும் சொல்லி ஒருங்கே அணிந்தார்கள். மொராக்கோவில் வெள்ளி வேலை பார்த்தவர்களிற் பலர் யூதர்களாகையால், இரு சமயத்தாருக்கும் கை ஒரே பட்டறையிலிருந்தே வந்தது. ஸ்பெயின் தேசத்துக் கிரனாடாவில், அல்ஹாம்பிரா அரண்மனையின் நியாய வாசல் என வழங்கும் பெருவாசலை 1348-இல் முதலாம் யூசுப் கட்டியபோது, வெளி வளைவின் நெற்றிக் கல்லில் ஒரு கையும் உள் வளைவின்மேல் ஒரு சாவியும் பொறிக்கப்பட்டன. அந்தக் கை என்று இறங்கிச் சாவியைப் பற்றுகிறதோ அன்று அரண்மனை இடிந்துவிழும் என்ற நாட்டுக் கதையை அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1832-இல் உலகறியச் செய்தார். முஸ்லிம் அரசு போய்க் கிறிஸ்தவ அரசு வந்தபின் 1526-இல் அதே கிரனாடாவிற் கூடிய சபை, மதம் மாற்றப்பட்ட மக்கள் கைவடிவ ரட்சை அணிவதைத் தடைசெய்தது. சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிய அளவுக்கு அது பரவியிருந்தது என்பதே இதனால் நாம் அறியத்தக்கது. பாண்டி பஜாரில் தொங்கும் கை இந்த வமிசத்தது.

ஆனால் அதற்கு நெருங்கிய உறவு ஒன்று அண்ணா சாலையிலேயே இருக்கிறது என்பதைத்தான் நம்மிற் பலர் கவனிக்கவில்லை. முஹர்ரம் மாதத்தில் ஷியா முஸ்லிம்கள் ஏந்தும் அலம் என்னும் கொடிக்கம்பத்தின் தலையில் அமர்ந்திருக்கும் உலோகக் கையைச் சொல்லுகிறேன். பஞ்சா என்று தமிழ் மக்கள் அதைச் சொல்வார்கள். முஹர்ரத்தையே அல்லாப் பண்டிகை என்றும் மாரடிப் பண்டிகை என்றும் கிராமங்களில் வழங்குவார்கள். ஹிஜ்ரி 61-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 680-இல், முஹர்ரம் பத்தாம் நாள் கர்பலா மணல்வெளியில் நபிகளின் பேரர் ஹுசைன் உற்றார் உறவினருடன் கொல்லப்பட்டார். தாகத்தால் வாடிய குழந்தைகளுக்கு யூப்ரடீஸ் ஆற்றிலிருந்து நீர் கொண்டுவரச் சென்ற அவருடைய தம்பி அப்பாஸ், அந்தச் சிறு படையின் கொடி தாங்கியவர். வழியில் அவருடைய இரு கைகளும் வெட்டப்பட்டன. கொடிக்கம்பத்தின்மேல் நிற்கும் கை அவருடையது என்பது ஒரு மரபு. நபிகள், பாத்திமா, அலி, ஹசன், ஹுசைன் என்ற புனிதக் குடும்பத்தார் ஐவரையும் ஐந்து விரல்களும் குறிக்கும் என்பது மற்றொரு மரபு. ஒன்று துக்கத்தின் நினைவு, மற்றொன்று காவலின் உறுதி. ஒரே உலோகத் தகட்டில் இரண்டும் முரணின்றி உறைந்திருப்பதே பஞ்சாவின் விசேஷம். வெட்டுண்ட கை காக்கும் கையானது என்ற இந்தக் கருத்துக்கு நிகரானதொன்றை மத்தியதரைக் கடல் நாடுகளின் ரட்சையில் நான் காணவில்லை.

பஞ்சா தெற்கே வந்த வழி தக்காணத்து வழி. கோல்கொண்டாவின் குதுப்ஷாஹி அரசர்கள் ஷியாக்கள். ஹைதராபாத் நகரைக் கண்ட முகமது குலி குதுப் ஷா, அலங்களை நிறுத்தி வழிபடுவதற்கென்றே அங்கே பாத்ஷாஹி ஆசூர்கானாவை எழுப்பினார். தக்காணத்து அலங்களில் எல்லாமே கை அல்ல; பெரும்பாலானவை இலை வடிவில் வெட்டிய தகடுகள், இருபுறமும் யாளி போன்ற நாகத்தலைகள் வளைந்து நிற்க, நடுவில் திருநாமங்கள் ஊடறுத்து வெட்டப்பட்டவை. ஒளி பின்னாலிருந்து வரும்போது எழுத்து ஒளியாகத் தெரியும்படி செய்த அந்த வேலைப்பாடு தக்காணத்தார்க்கே உரியது. படைவீரர்களோடும் பணியாளர்களோடும் இந்த மரபு கர்நாடக நவாபுகளின் நாட்டுக்கு வந்தது. ஆர்க்காட்டு நவாபுகள் சுன்னிகள். எனினும் அந்நாளில் தக்காணத்து முஹர்ரம் ஒரு பிரிவாரின் அனுஷ்டானமாக மட்டும் இராமல் ஊர்ப் பண்டிகையாகவே நடந்தது. நகரத்தின் நடுவே ஷியாக்கள் கூடும் மண்டபத்துக்கு ஆயிரம் விளக்கு ஏற்றவேண்டியிருந்தமையால் அவ்விடத்துக்கு ஆயிரம் விளக்கு என்ற பெயர் வந்தது என்பது அனைவரும் அறிந்தது. இன்று அங்கே உயர்ந்த இரு மினார்களோடு நிற்கும் பள்ளிவாசலைக் கடந்து நாள்தோறும் பேருந்தில் போகிறவர்களில், அந்த விளக்குகள் எதற்காக ஏற்றப்பட்டன என்று நினைப்பவர் எத்தனை பேர்?

சென்னை ராஜதானியில் இந்தப் பண்டிகை நடந்த விதத்தை விரிவாக அறிய விரும்புவோர்க்கு ஒரு நூல் உண்டு. தக்காணத்தவரான ஜாபர் ஷெரீப் என்பவர் எழுத, சென்னை ராஜதானியில் வைத்தியராயிருந்த ஹெர்க்லாட்ஸ் துரை ஆங்கிலமாக்கி, 1832-இல் லண்டனில் வெளியிட்ட கானூனே இஸ்லாம் என்பது அது. அல்ஹாம்பிராவின் கையை இர்விங் எழுதிய அதே ஆண்டில் நம் பக்கத்துக் கையும் அச்சேறியது என்பது தற்செயலே; ஆயினும் ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே ஆண்டில் ஒரே வடிவத்தின் இரு கிளைகளை எழுதிவைத்தது எனக்கு ரசமாகப் படுகிறது. முஹர்ரம் பிறை கண்டதும் அலங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்துவது, கம்பத்தின் கழுத்தில் பட்டுத் துணி கட்டுவது, பூமாலை சூட்டுவது, தூபம் இடுவது, பத்தாம் நாள் ஊர்வலமாக எடுத்து நீர்நிலைக்குக் கொண்டுபோவது, அங்கே கழற்றிக் கழுவி மீண்டும் பெட்டியில் வைப்பது என்ற கிரமம் முழுவதும் அதில் உள்ளது. ஆண்டில் பத்து நாள் மட்டும் வெளியே நின்று மற்ற நாளெல்லாம் துணியில் பொதிந்து உறங்குவது பஞ்சாவுக்கு நியதி. எந்நேரமும் உடம்போடு ஒட்டியிருப்பதே தாயத்தின் நியதியாகையால், இரண்டும் இங்கே முற்றிலும் வேறுபடுகின்றன. தவிர, பஞ்சா தனி மனிதனைக் காப்பதன்று. அதை ஏந்தி நடந்த தெருவைக் காப்பது.

இந்தத் தெருக்காவல் என்ற கருத்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதைத் தஞ்சாவூரை அடுத்த காசவளநாடு புதூரிற் காணலாம். அங்கே முஹர்ரம் கொண்டாடுபவர்கள் இந்துக்கள். குளம் வெட்டும்போது கிடைத்ததாக ஊரார் சொல்லும் உள்ளங்கை உருவம் ஒன்றை அல்லா சாமி என்று பெயரிட்டுத் தலைமுறை தலைமுறையாக வழிபடுகிறார்கள். பண்டிகைக்குப் பத்து நாள் முன்பிருந்தே விரதம், பத்தாம் நாள் மாலைகளால் அலங்கரித்த உருவம் வீதியுலா வரும்போது வீட்டுக்கு வீடு புது மண்கலயத்தில் பானகமும் அவலும் தேங்காய் பழமும் வைத்துப் படைத்து, பட்டுத் துணி சாற்றுகிறார்கள், பின் தீமிதி. இதில் இஸ்லாமியச் சட்ட நூலார் ஒப்புவது எது, ஆகமத்தார் ஒப்புவது எது என்று பிரித்துக் கேட்டால் இரு சாராரும் தலையசைக்க மாட்டார்கள். தாயத்தையும் உருவத்தையும் நாடலாகாது என்று வற்புறுத்தும் முஸ்லிம் பெரியவர்களின் போதனையால், பஞ்சா எடுப்பது பல ஊர்களில் நின்றுபோயிருக்கிறது. புதூரார் மட்டும் தங்கள் கையை விடவில்லை.

குளத்திலிருந்து கிடைத்த கை என்றவுடன் இன்னொரு கோயில் நினைவுக்கு வருகிறது. பாலக்காட்டை அடுத்த கல்லேக்குளங்கரையில் ஹேமாம்பிகை கோயில் கொண்டிருப்பது இரண்டு கைகளின் வடிவில் மட்டுமே. முகமும் இல்லை, மேனியும் இல்லை. குளத்திலிருந்து தான் முழுதும் எழும் வரை காத்திரு என்று தேவி கட்டளையிட, கைகள் மட்டும் வெளித்தோன்றிய கணமே ஆவல் தாங்காத அடியவர் நீரில் பாய்ந்து அவற்றைப் பற்றிக்கொண்டார் என்றும், அவை அப்படியே கல்லாகி நின்றன என்றும் ஸ்தல புராணம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் குடியேறிய பாலக்காட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழகிய சன்னிதி. 1978-இல் இந்திரா காந்தியின் காங்கிரஸ் கைச் சின்னத்தைப் பெற்றதற்கு இந்தக் கோயிலையும் தொடர்புபடுத்திக் கதை சொல்வார்கள். தேர்தல் சின்னங்களைப் பற்றிய கதைகள் தேர்தலுக்குப் பிறகே முளைப்பவை ஆகையால் அதை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை.

இனி அபயகரம். கைவடிவக் காப்புக்குச் சாஸ்திரோக்தமான லட்சணம் எழுதிவைத்திருப்பது சிற்ப மரபு ஒன்றே. தாலம் என்னும் அளவே கையிலிருந்து பிறந்தது. முகத்தின் நீளமும், மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையுள்ள கையின் நீளமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது ஸ்தபதிகளின் பால பாடம். தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் முழு உருவத்துக்கு 124 அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலமன்று, அந்தந்த உருவத்திலிருந்தே பகுத்தெடுப்பது. விரல்கள் மேல்நோக்கி, உள்ளங்கை காண்பாரை நோக்கி, விறைப்பில்லாமல் நிற்கவேண்டும். விறைத்தால் அது 'நில்' என்று தடுக்கும் கை. விறைப்புத் தளர்ந்து விரல் நுனி சற்றே பின்வளைந்தால்தான் 'அஞ்சாதே' என்று சொல்லும் கை. மத்தியதரைக் கடலின் ரட்சைக்கும் நம் அபயகரத்துக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் இந்த வளைவில் அடங்கியிருக்கிறது. அந்தக் கை வருகிற தீங்கை நோக்கி நிமிர்ந்திருக்கிறது. இந்தக் கை வந்து நிற்கும் மனிதனை நோக்கி மலர்ந்திருக்கிறது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் ஒரு பிற்பகல் நின்று கைகளை மட்டும் பார்த்துவருபவர்க்கு இது நன்கு விளங்கும். திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைக் கண்டே பிரெஞ்சுச் சிற்பி ரோடின் ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் திருமேனியில் துடியும் தீயும் தாங்கிய பின்கைகளின் வேகத்துக்கு நடுவே, முன் வலக்கை மட்டும் எந்த வேகத்திலும் சேராமல் நிதானமாக நிற்கிறது. சைவ சித்தாந்திகள் துடியிற் படைப்பையும், அமைத்த கையிற் காத்தலையும், தீயில் அழித்தலையும், ஊன்றிய தாளில் மறைத்தலையும், தூக்கிய தாளில் அருளலையும் கண்டவர்கள். ஐந்தொழிலில் காத்தல் என்ற தொழில் வெறுங்கைக்கு வைக்கப்பட்டிருப்பதை அவர்கள் வழியே நாம் கவனிக்க வேண்டும். படைக்கும் கைக்கும் அழிக்கும் கைக்கும் கருவி உண்டு. காக்கும் கைக்கு இல்லை. வார்ப்பு வேலை அறிந்தவர்கள் இதில் இன்னொன்றும் சொல்வார்கள். மெழுகில் உருப்பிடித்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உருக்கிய உலோகத்தை ஊற்றும் சுவாமிமலை முறையில், மெல்லிய விரல் நுனிவரை உலோகம் ஓடிச்சேர்வது கஷ்டமான காரியம். ஓடாமற்போனால் விரல் குறையும், குறைந்த விரலுள்ள திருமேனி பூஜைக்கு ஏலாது. ஆகவே ஸ்தபதியின் திறமைக்கு முகத்தைவிடக் கையே உரைகல்.

கோயிலுக்குக் கோயில் கையின் பேச்சு மாறுவதையும் சென்னைக்குள்ளேயே காணலாம். மயிலைக் கற்பகாம்பாளின் ஒரு கரம் அபயம், ஒரு கரம் வரதம். நின்று கும்பிடுபவர்க்கு முதலில் பயம் தீர்கிறது, பிறகு வேண்டியது கிடைக்கிறது. திருவல்லிக்கேணியில் வேங்கடகிருஷ்ணனோ ஒரு கையிற் சங்கேந்தி மறுகையால் தன் திருவடியைச் சுட்டுகிறான். அஞ்சாதே என்று சொல்லவில்லை, இங்கே வா என்று இடம் காட்டுகிறான். காஞ்சி வரதராஜரின் அபயகரத்தில், சரணடைந்தவனை வருந்தவேண்டாம் என்று தேற்றும் கீதையின் சொல் எழுத்தாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. கையே பேசும்போது எழுத்து எதற்கு என்று சிற்பி கேட்கலாம். எழுத்தறிந்த அடியார்கள் அதைக் கண்டு கண்ணீர் விடுவதைப் பார்த்த பிறகு அவனும் வாயை மூடிக்கொள்வான்.

இங்கேதான் தமிழகத்துக்கே உரிய கைவடிவ ஆபரணம் ஒன்று வருகிறது. அபயஹஸ்தம் என்று அதற்குப் பெயர். கையின் அளவாகவே வெள்ளியிலோ பொன்னிலோ தகடு அடித்து, உள்ளங்கையிற் கல் பதித்து, உற்சவரின் அபயகரத்தின்மேற் பொருத்திக் கட்டுகிறார்கள். வைரத்தால் இழைத்த அபயஹஸ்தங்களும் பெரிய ஸ்தலங்களில் உண்டு. திருமலையானுக்கு ஹஸ்தம் சமர்ப்பிக்கும் அன்பர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நாம் படிக்கிறோம். வேங்கடநாராயணா சாலைக் கோயிலில் வரிசையில் நிற்பவர்களும் அந்தக் கரத்தின் படத்தைத்தான் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். மனிதன் தன் கழுத்தில் மாட்டிக்கொள்ளாமல் தெய்வத்தின் கைக்கே கையணிவிக்கிறான். காக்கிற கையைக் காக்கிறான் என்று வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த ஆபரணத்துக்கு உள்ள நியதி கண்டிப்பானது: திருக்கரத்தின் ரேகையையும் விரலின் வளைவையும் மறைத்துப் பெருத்துவிடக் கூடாது, அலங்காரம் கண்டவுடன் கல்லின் ஜொலிப்பு முந்தி அபயம் பிந்திவிடவும் கூடாது. செல்வாக்குள்ள உபயதாரர்கள் விஷயத்தில் இந்த இரண்டாவது நியதி அடிக்கடி தளர்ந்துபோவதை உற்சவ காலத்தில் பார்க்கிறோம்.

செல்வர்க்கு அபயஹஸ்தம் என்றால் ஏழைக்கு உருத்தகடு. கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளின் பூஜைச் சாமான் கடைகளில், கண்மலர், கால், கை, தொட்டில் என்று வெள்ளித் தகட்டில் அச்சடித்த உருக்களைச் சிறு காகித உறைகளில் போட்டு விற்பார்கள். கைத்தகடு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இராது. முன்பக்கம் நகமும் விரற் கணுவும் புடைத்திருக்கும். பின்பக்கம் அதே உரு குழிந்திருக்கும். கையில் எடுத்தால் கனமே தெரியாது, ஊதினால் பறக்கும். கை சுளுக்கோ எலும்பு முறிவோ வாதமோ கண்டவர் குணமானவுடன் வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ சமயபுரத்துக்கோ கொண்டுபோய் உண்டியலில் இட நேர்ந்துகொண்டு வாங்குவார். போகும் வரை மஞ்சள் துணியில் முடிந்து ஸ்வாமி அலமாரியில் வைத்திருப்பார். நொந்தது வலக்கையா இடக்கையா என்று கடையில் கேட்பதில்லை. தகட்டைத் திருப்பினால் வலம் இடமாகிவிடும். வேளாங்கண்ணி மாதாவுக்கும் இதே வெள்ளிக் கையும் காலும் போகின்றன. மெழுகில் வார்த்த உறுப்புகளும் அங்கே உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியரின் சகுனங்களையும் நம்பிக்கைகளையும் பற்றி 1912-இல் வெளியிட்ட நூலில், கண் திருஷ்டிக்கும் நேர்த்திக் கடனுக்கும் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கினார். அவர் இரண்டையும் பிரித்தது சரியே. தாயத்து தீங்கு வருமுன் கட்டுவது; உருத்தகடு தீங்கு தீர்ந்தபின் செலுத்துவது. ஒன்று முன்பணம், மற்றது கடன் தீர்த்தல்.

கல்லில் நின்ற கையைப் பற்றி ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் கர்நாடகத்திலும் கணவனுடன் தீப்பாய்ந்த பெண்களுக்கு நட்ட மாசதிக் கற்களில், வளையல் நிறைந்த வலக்கை ஒன்று முழங்கையில் மடங்கி, உள்ளங்கை வெளிநோக்கி நிமிர்ந்து நிற்கும். சில கற்களில் கையைத் தவிர வேறு உருவமே இல்லை. அந்தக் கை ஊரை வாழ்த்துவதாக மக்கள் வணங்கினார்கள். வளையல் உடையாத கை என்பதால் அது சுமங்கலியின் கை. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டு அந்த வாழ்த்தைப் பெற்றுக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. எரித்தவர்களே கும்பிட்ட கை அது.

சமணரின் கை நேர் எதிரானது. மகாவீரர் நிர்வாணமடைந்த 2500-ஆம் ஆண்டு விழாவை ஒட்டி 1974-இல் சமணப் பிரிவுகளெல்லாம் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பொதுச் சின்னத்தில், நிமிர்ந்த உள்ளங்கையின் நடுவே சக்கரமும் அதனுள் அகிம்சை என்ற சொல்லும் உள்ளன. தியாகராய நகரின் சமணக் கோயில் வாசலில் இன்று காணும் அந்தக் கை, எதிரே வருகிற தீமையைத் தடுப்பதன்று. செய்யப் போகிறவனையே 'சற்று நில்' என்று தடுப்பது. அபயத்தைத் தருகிறவன் யார் என்ற கேள்விக்கு, நீயே தர வேண்டும் என்று பதில் சொல்லும் ஒரே சம்பிரதாயம் அது.

இவற்றோடு வைத்துப் பார்க்கையில் பாண்டி பஜாரின் புதிய கைக்கு இன்னும் லட்சணம் ஏற்படவில்லை என்றே சொல்ல வேண்டும். விரல் மேல்நோக்கித் தொங்குவதும் உண்டு, கீழ்நோக்கித் தொங்குவதும் உண்டு. சிலவற்றில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒரே அளவாக இருபுறமும் வளைந்து, வலம் இடம் என்ற பேதமே இல்லாத கையாக இருக்கிறது. மொராக்கோக் கைகளிலும் இந்தச் சமச்சீர் பழையதுதான். ஆகையால் அதைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பிள்ளையாரும் வேலும் திரிசூலமும் கோத்த அதே சங்கிலியில் இதையும் கோத்து விற்கும் கடைக்காரர், ஐம்படைத் தாலியின் பழைய வரிசையில் ஆறாவதாக ஒன்றைத் தம்மையறியாமல் சேர்க்கிறார். அப்படிச் சேர்ந்துவிட்டால், இரண்டு தலைமுறையில் அதற்கும் ஒரு ஸ்தல புராணம் பிறந்துவிடும். பெரியவர்கள் அப்போது அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயப்படுத்தி அணிவிப்பார்கள்.

கடைசியாக, உலோகமும் கல்லும் வேண்டாத சம்பிரதாயம் ஒன்று உண்டு. சென்னையின் எல்லா வீடுகளிலும் அதுவே மிகுதியாக வழங்குவது. கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ அலங்கரித்துக்கொண்டு போய்த் திரும்பிய குழந்தையை வாசலிலேயே நிறுத்தி, பாட்டி தன் இரு உள்ளங்கைகளையும் விரித்து, குழந்தையின் முகத்தைத் தொடாமல் நெற்றியிலிருந்து மோவாய் வரை இருபுறமும் வழித்து, வழித்தெடுத்ததைத் தன் நெற்றிப்பொட்டிற் கொண்டுபோய் விரல்களை மடக்கி அழுத்துகிறாள். நெட்டி முறிப்பது என்று பெயர். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி மாலைகள் இதற்கு விசேஷம். விளக்கு வைப்பதற்கு முன் செய்ய வேண்டும். வயதில் இளையவர் மூத்தவருக்குச் செய்யலாகாது. விரல்கள் சடசடவென்று எத்தனை முறை முறிகின்றனவோ அத்தனைக்கு அத்தனை கண் பட்டிருந்தது என்பது கணக்கு. ஒன்றும் முறியாவிட்டால் கண்ணே படவில்லை என்று பாட்டி விட்டுவிடுவதில்லை. கை சரியாக மடங்கவில்லை என்று சொல்லி இன்னொரு தடவை வழிக்கிறாள்.